சிங்கப்பூரின் பிஎஸ்எல்இ ஏஎல் மதிப்பெண் முறையைப் பெற்றோருக்கு எப்படிப் புரியவைப்பது?

கேட்டவர் தம் பிள்ளையின் பள்ளியில் பெற்றோர் ஆதரவுக் குழுவில் இருக்கிறார். தொடக்கநிலை ஐந்து, ஆறில் படிக்கும் பிள்ளைகளின் தமிழ்ப் பெற்றோருக்கு பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கநிலைப் பள்ளி இறுதித் தேர்வின் மதிப்பெண் கணக்கை விளக்கும் வேலை அவர் தலையில் விழுந்திருக்கிறது. அட்டவணையைக் காட்டும்போது எல்லாரும் தலையாட்டுகிறார்கள், வெளியே வந்ததும் "சரி, மொத்தம் எத்தனை மார்க் வாங்கணும்?" என்று கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். எங்கள் வட்டாரத்தில் நானும் இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அட்டவணையில் ஆரம்பிக்காதீர்கள். வருகிறவர்களிடம் பிள்ளையின் கடைசித் தேர்வு மார்க்குகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆங்கிலம், கணிதம், அறிவியல், தமிழ், நான்கு எண்கள் போதும். பொதுவாகச் சொல்லும் எதுவும் அவர்கள் காதில் ஏறாது. தன் பிள்ளையின் 73 என்ன ஆகும் என்று சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அப்புறம் கணக்கு. ஏஎல் என்பது அடைவுநிலை, ஒவ்வொரு பாடத்தின் மார்க்குக்கும் 1 முதல் 8 வரை ஓர் எண். 90-உம் அதற்கு மேலும் ஏஎல் 1. 85 முதல் 89 வரை 2, 80 முதல் 84 வரை 3, 75 முதல் 79 வரை 4. 65 முதல் 74 வரை 5, 45 முதல் 64 வரை 6, 20 முதல் 44 வரை 7, அதற்கும் கீழே போனால் 8. நான்கு பாடங்களின் ஏஎல்லையும் கூட்டினால் வருவதுதான் பிஎஸ்எல்இ மதிப்பெண். மிகச் சிறந்தது 4, கடைசி 32. குறையக் குறைய நல்லது. இந்த ஒன்று மட்டும் மனத்தில் பதியக் கொஞ்ச நேரம் ஆகும். "பதினேழுதான் வாங்கினானா?" என்று ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி வருத்தப்பட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும், வரவேண்டும். இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 89, 89, 79, 74. மொத்தம் 331. இன்னொருவர் 90, 85, 80, 75. மொத்தம் 330. ஏஎல்லில் முதல் பிள்ளைக்கு 2, 2, 4, 5, ஆக 13. இரண்டாவது பிள்ளைக்கு 1, 2, 3, 4, ஆக 10. ஒரு மார்க் கூடுதலாக வாங்கிய பிள்ளை மூன்று புள்ளி பின்னால் நிற்கிறது. நான் இதைப் பலகையில் எழுதும்போதெல்லாம் யாராவது ஒரு அப்பா, "இது என்னங்க நியாயம்?" என்பார். மழுப்பாதீர்கள். எல்லைக்கோடு போட்டால் கோட்டின் விளிம்பில் நிற்கிறவர்களுக்கு இழப்பு உண்டு, அதை ஒப்புக்கொள்ளுங்கள். அதே கோடுதான் 66 வாங்கிய பிள்ளையையும் 74 வாங்கிய பிள்ளையையும் ஒன்றாக நிறுத்துகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு பக்கத்தை மறைத்தால் அடுத்த கூட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.

மேலே ஐந்தைந்து மார்க்காகக் கோடு போட்டுவிட்டு, கீழே இருபது இருபத்தைந்தாக விட்டது ஏன் என்றும் கேட்பார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் மேல் பக்கத்தில்தான் குவிகிறார்கள். இந்த முறையை அறிவித்தபோது, ஒவ்வொரு பாடத்திலும் ஏறக்குறையப் பாதிப் பேர் 75-உம் அதற்கு மேலும் வாங்குகிறார்கள் என்று கல்வி அமைச்சு சொன்னது. அங்கே அகலமாகக் கோடு போட்டால் எல்லாரும் ஒரே கட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

என் அனுபவத்தில், இந்தியாவிலிருந்து வந்த பெற்றோருக்குப் புரியவைப்பது சுலபம். சிபிஎஸ்இ கிரேடு பார்த்தவர்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். கஷ்டம் இங்கேயே பிறந்து வளர்ந்து பிஎஸ்எல்இ எழுதியவர்களோடுதான். அவர்களுக்குப் பழைய முறையில் வாங்கிய டி-ஸ்கோர் பெயரைப் போல மனப்பாடம். "எனக்கு 238, இப்ப அது எத்தனை ஏஎல்?" என்பார்கள். அப்படி மாற்றிச் சொல்ல முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். டி-ஸ்கோர் ஒரு பிள்ளை அந்த ஆண்டு எழுதிய மற்றவர்களின் சராசரிக்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று பார்த்துப் போட்ட எண். எல்லாரும் நன்றாக எழுதிய ஆண்டில் அதே 80 மார்க்குக்குக் குறைவான டி-ஸ்கோர் வரும். 2021-இல் வந்த ஏஎல்லில் அடுத்த பிள்ளை எவ்வளவு வாங்கினாலும் உங்கள் பிள்ளையின் 80, ஏஎல் 3-தான். ஆகவே "வகுப்பில் மத்தவங்க எப்படிச் செஞ்சாங்க?" என்ற கேள்விக்கு இப்போது பிள்ளையின் மதிப்பெண்ணில் இடமில்லை. பள்ளி கிடைப்பதில் இடம் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

தமிழைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். கணிதத்துக்குத் துணைப்பாடம், அறிவியலுக்குத் துணைப்பாடம், தமிழ்தானே, வீட்டில் பேசுகிறானே என்று விட்டுவிடும் வீடுகள் நிறைய. கூட்டலில் தமிழின் ஏஎல்லும் கணிதத்தின் ஏஎல்லும் ஒரே எடை. கணிதத்தை 5-இலிருந்து 4-க்கு இழுப்பதும் தமிழை 3-இலிருந்து 2-க்கு இழுப்பதும் மொத்தத்தில் ஒன்றேதான். எது சுலபம் என்று அவரவர் பிள்ளையைப் பார்த்து முடிவு செய்யட்டும். தமிழோடு கூடுதலாக, அதைவிடக் கடினமான உயர்தமிழ் எழுதினால் பள்ளி கிடைக்கக் கூடுதல் சலுகை உண்டா என்று யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள். இல்லை. உயர்தாய்மொழிக்கான அந்த முன்னுரிமை சீனமொழிக்கு, அதுவும் சீனமொழிக்கும் பண்பாட்டுக்கும் முக்கியத்துவம் தரும் சிறப்பு உதவித் திட்டப் (எஸ்ஏபி) பள்ளிகளுக்கு மட்டும். உயர்தமிழின் தேர்ச்சி பிஎஸ்எல்இ கூட்டலிலும் சேராது. மொழிமேல் ஆசை இருந்தால் எழுதட்டும், மதிப்பெண்ணுக்காக வேண்டாம். தமிழிலிருந்து விலக்கு வாங்கிவிடலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: விலக்கு பெற்ற பிள்ளைக்கு மற்ற மூன்று பாடங்களைப் பார்த்து 6-க்கும் 8-க்கும் இடையில் ஒரு ஏஎல் கொடுக்கப்படும். விலக்கு வாங்கினால் அந்தப் பாடத்தில் 6-ஐவிட நன்றாக வர வழியே இல்லை.

ஃபவுண்டேஷன் பாடம், அதாவது வழக்கமானதைவிட எளிதாக்கிய பாடம், என்று கடிதம் வந்த பெற்றோரைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வைத்துப் பேசாதீர்கள். தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். தொடக்கநிலை நான்கின் முடிவில் பள்ளி பரிந்துரைக்கும், அப்போது பெற்றோர் முடிவெடுக்கலாம். ஐந்தின் முடிவில் பள்ளிதான் முடிவெடுக்கும். ஃபவுண்டேஷனில் 75-உம் அதற்கு மேலும் வாங்கினால் கூட்டலில் ஏஎல் 6, 30 முதல் 74 வரை 7, அதற்குக் கீழே 8. வழக்கமான கணிதத்தில் 40 வாங்கித் திணறும் பிள்ளைக்கு ஏஎல் 7. அதே பிள்ளை ஃபவுண்டேஷனில் 78 வாங்கினால் 6. இந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொன்னால் அம்மாவின் முகம் கொஞ்சம் தெளியும். பிள்ளைக்குத் தன்மேல் நம்பிக்கை வருவது தனிக் கணக்கு.

உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகளைப் பிரித்த விரைவுநிலை (எக்ஸ்பிரஸ்), வழக்கநிலை (நார்மல்) என்ற பிரிவுகள் 2024-இல் உயர்நிலை ஒன்றுக்குப் போனவர்களிலிருந்து இல்லை. ஆனாலும் "நார்மலுக்குப் போயிடுவானோ" என்ற பயம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. இப்போது மூன்று சேர்க்கைப் பிரிவுகள்: 4 முதல் 20 வரை மூன்றாம் பிரிவு, 23, 24 இரண்டாம் பிரிவு, 26 முதல் 30 வரை, ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஏஎல் 7 அல்லது அதைவிட நன்றாக இருந்தால், முதல் பிரிவு. 21, 22, 25 வாங்கியவர்கள் இரண்டு பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். முக்கியமானது இது: வகுப்பில் மூன்று பிரிவுப் பிள்ளைகளும் கலந்து உட்காருவார்கள், பாடத்தின் நிலையை ஜி1, ஜி2, ஜி3 (ஜி1 எளிது, ஜி3 கடினம்) என்று பாடம் பாடமாகப் பார்ப்பார்கள். மொத்தம் 23 வந்த பிள்ளை தமிழில் ஏஎல் 5-உம் அதைவிட நன்றாகவும் இருந்தால் தமிழை ஜி3-இல் படிக்கலாம். இதைக் கேட்டதும் பாதிப் பெற்றோர் குறிப்பெடுக்க ஆரம்பிப்பார்கள்.

கடைசியாக, உயர்நிலைப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது. நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள். டி-ஸ்கோரில் இருநூறுக்கும் மேற்பட்ட எண்கள் சாத்தியம். இப்போது 29 மட்டுமே. ஆகவே ஒரே மதிப்பெண்ணில் நிறையப் பேர் நிற்பார்கள். கடைசி இடத்துக்கு இரண்டு பேர் சமமாக வந்தால் முதலில் குடியுரிமை பார்ப்பார்கள்: சிங்கப்பூரர், பிறகு நிரந்தரவாசி, பிறகு வெளிநாட்டு மாணவர். அதிலும் சமம் என்றால், யார் அந்தப் பள்ளியைத் தன் ஆறு பள்ளி விருப்பப் பட்டியலில் மேலே எழுதியிருக்கிறார் என்று பார்ப்பார்கள். அதிலும் சமம் என்றால் கணினிக் குலுக்கல்.

இதைப் பெற்றோர் இரண்டு விதமாகத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒன்று, முதல் விருப்பமாகப் போட்டால் கிடைத்துவிடும் என்பது. கிடைக்காது. 14 வாங்கிய பிள்ளை ஆறாவது விருப்பமாக எழுதியிருந்தாலும், 15 வாங்கி முதல் விருப்பமாக எழுதிய பிள்ளையை முந்திக்கொள்ளும். மதிப்பெண்தான் எப்போதும் முதலில். இன்னொன்று, வரிசை எப்படி இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்பது. எட்டாத பள்ளியை முதலில் போட்டுவிட்டு, சரியாக எல்லைக்கோட்டில் நிற்கும் பள்ளியை மூன்றாவதாகப் போட்டால், அதே மதிப்பெண்ணில் அதை முதலாவதாகப் போட்ட சிங்கப்பூரப் பிள்ளை உங்கள் இடத்தை எடுத்துக்கொள்ளும். நிரந்தரவாசிப் பெற்றோருக்கு இன்னும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்: சமநிலை வந்தால் சிங்கப்பூரப் பிள்ளை அந்தப் பள்ளியை ஆறாவதாக எழுதியிருந்தாலும் முன்னால் நிற்கும். அவர்கள் எல்லைக்கோட்டை நம்பாமல் ஒரு புள்ளியாவது இடைவெளி வைத்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

அமைச்சின் தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் இருக்கும் எல்லை மதிப்பெண், போன ஆண்டு கடைசியாக உள்ளே போன பிள்ளையின் மதிப்பெண். முன்கூட்டி நிர்ணயித்தது அல்ல, இந்த ஆண்டு மாறலாம். ஆறு இடங்களில் குறைந்தது இரண்டு மூன்று இடங்கள், பிள்ளையின் மதிப்பெண்ணைவிடத் தளர்வான எல்லை உள்ள பள்ளிகளாக இருக்கட்டும். பேருந்து எண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். தினமும் காலையில் எழுந்து போகப்போவது பிள்ளை.

இந்தப் பகுதியை முடிவு வந்த பிறகு வைக்காதீர்கள். நவம்பர் கடைசியில் முடிவு வந்தால் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்ப ஏறக்குறைய ஒரு வாரம்தான். அந்த வாரத்தில் யாருக்கும் காது கேட்காது, உங்கள் வாட்ஸ்அப் மட்டும் ஓயாமல் கத்தும். எழுத்துத் தேர்வு முடிந்த அக்டோபரில் வையுங்கள். இருக்கும் மார்க்குகளை வைத்து மூன்று கற்பனை மதிப்பெண்கள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆறு பள்ளிப் பெயர்களை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளையையும் கூட்டிவரச் சொல்லுங்கள்.