வளையலை அடகு வைப்பதா, சேமநிதியை எடுப்பதா?

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் குடியிருக்கிறோம். கணவர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். கூலி டன் கணக்கில்தான். மூன்று பிள்ளைகள். சாமான் விலையும் பள்ளி வேன் கட்டணமும் ஏறியதால், தெரிந்த ஒருவரிடம் 1,000 ரிங்கிட் வட்டிக்கு வாங்கினோம். மாதம் 100 ரிங்கிட் வட்டி மட்டுமே கட்டி வருகிறோம்; முதல் அப்படியே நிற்கிறது. கடனை அடைக்க என் வளையலை அடகு வைப்பதா, கணவரின் ஊழியர் சேமநிதியிலிருந்து (இ.பி.எஃப்.) எடுப்பதா? சாப்பாட்டுச் செலவை இதற்குமேல் குறைக்க வழியில்லை.

பதில்: சாப்பாட்டுச் செலவை நீங்கள் குறைக்கவே வேண்டாம், சகோதரி. உங்கள் வீட்டுப் பணம் கரைவது அடுப்படியில் அன்று, அந்த வட்டியில். ஆண்டுக்கு 1,200 ரிங்கிட் கட்டியும் கடன் ஒரு காசுகூடக் குறையாத நிலையிலிருந்து முதலில் வெளியே வாருங்கள்.

அதற்கு வளையலே ஏற்றது. அடகுக் கடைகள் சட்டப்படி மாதத்திற்கு 2 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது என்பதால், 1,000 ரிங்கிட்டுக்கு மாதம் 20 ரிங்கிட்தான் ஆகும். இப்போது வட்டியாகப் போகும் அதே 100 ரிங்கிட்டை மாதந்தோறும் தனியாக எடுத்து வைத்தால், ஆறாம் மாதத்தில் கையில் 600 ரிங்கிட் இருக்கும். அதில் 120 வட்டிக்கும் 480 முதலுக்கும் போக, மீதம் 520 ரிங்கிட்டுக்கு மறு அடகு வைத்தால், அடுத்த ஆறு மாதத்தில் வளையலை மீட்டுவிடலாம். உரிமம் பெற்ற கடைக்கே செல்லுங்கள். ரசீதையும் தவணைத் தேதியையும் பத்திரப்படுத்துங்கள். தவணை தவறினால் நகை போய்விடும்.

சேமநிதியின் மூன்றாம் கணக்கிலிருந்து, அதாவது 2024 மே மாதம் தொடங்கப்பட்ட நெகிழ்வுக் கணக்கிலிருந்து, 50 ரிங்கிட் முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் 2024ஆம் ஆண்டுக்கு 6.3 விழுக்காடு இலாப ஈவு தந்த நிதி அது. ஆண்டுக்கு 6 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும், இன்று எடுக்கும் 1,000 ரிங்கிட் இருபது ஆண்டுகளில் சுமார் 3,200 ஆகியிருக்கும். உடல் உழைப்பையே நம்பியிருக்கும் ஒருவருக்கு முதுமையில் வேறு துணை அரிது. ஆகவே நகை இல்லாத நிலையில் மட்டுமே அதைத் தொடச் சொல்வேன்.

கடன் கொடுத்தவரிடம் முழுத் தொகையையும் தரும்போது சாட்சிக்கு ஒருவரை உடன் அழைத்துச் சென்று, கணக்கு முடிந்தது என எழுதி வாங்குங்கள். 1951ஆம் ஆண்டு கடன் கொடுப்போர் சட்டத்தின்கீழ், உரிமம் உள்ளவர்கூட அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி கேட்க முடியாது. உரிமமே இல்லாதவரின் ஒப்பந்தம் நீதிமன்றத்தில் செல்லாது. வங்கி அட்டையை அவர் வாங்கி வைத்திருந்தால் உடனே திரும்பப் பெறுங்கள். மிரட்டினால் போலீசில் புகார் செய்யத் தயங்க வேண்டாம்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று: கணவரின் சம்பளச் சீட்டைப் பாருங்கள். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். டன் கணக்கிலோ துண்டுக் கணக்கிலோ கூலி பெறுவோருக்கும் இது பொருந்தும் என்பது தோட்டங்களில் பலருக்கு இன்னும் தெரியவில்லை என்பதே எனக்குப் பெரும் வருத்தம். இதில் சேமநிதிக்கான 187 ரிங்கிட்டும் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் கழிவது முறையானதே. ஆனால் மாதம் முழுவதும் வேலைக்குப் போயும் கழிவுக்கு முந்தைய தொகையே 1,700க்குக் குறைந்தால், சில மாதச் சீட்டுகளுடன் தொழிலாளர் இலாகாவை அணுகுங்கள். தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினர் என்றால் அவர்களும் துணை நிற்பார்கள்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் எஸ்.டி.ஆர். உதவித் தொகைக்கான பதிவில் மூன்று பிள்ளைகளின் பெயரும் இன்றைய வருமானமும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். குடும்ப வருமானம் 2,500 ரிங்கிட்டுக்குள் இருப்போருக்கே கூடுதல் தொகை கிடைக்கிறது. ஈகாசே என்னும் ஏழைக் குடும்பங்களுக்கான அரசுப் பட்டியலில் பதிவு இல்லையென்றால் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். தொடக்கப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆர்.எம்.டி. என்னும் பள்ளி உணவுத் திட்டத்தின் இலவச உணவு கிடைக்குமா என்று தலைமையாசிரியரிடம் இந்த வாரமே கேளுங்கள்.