ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அடுத்து என்ன செய்வது?

"வேலை போய்ப் பத்து நாளாகிறது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை. வயது 36, வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருக்கிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். கடன், வேலை இரண்டுக்கும் அப்புறம் வருகிறேன். அந்தப் பத்து நாள்தான் என்னை எழுத வைத்தது. 2023 மார்ச்சில் நானும் ஒன்பது நாள் அப்படி இருந்தேன்.

சென்னையில் ஒரு மெடிக்கல் பில்லிங் நிறுவனத்தில் சீனியர் ஏ.ஆர். காலராக இருந்தேன். அமெரிக்க இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்குப் போன் போட்டு, மருத்துவமனை அனுப்பிய பில்லுக்கு ஏன் பணம் வரவில்லை என்று கேட்கும் வேலை. ராத்திரி ஷிஃப்ட். கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தேதான் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை, க்ளையண்ட் போய்விட்டார், பிராசஸை (அவருக்காக நாங்கள் வேலை செய்த பிரிவை) மூடுகிறோம் என்று ஆபீசுக்கு வரச்சொன்னார்கள். நாற்பது பேருக்கு மேல் இருந்தோம். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்பது வருடம் கழுத்தில் தொங்கிய ஐ.டி. கார்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து, ஆபீஸ் லேப்டாப் சர்வீசுக்குப் போயிருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். அன்று மாலை ஆறரைக்கு என் பழைய லேப்டாப்பைத் திறந்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எப்போதும் போல அறைக்குள் உட்கார்ந்தேன். ஒன்பது ராத்திரி அப்படி உட்கார்ந்திருந்தேன். நான் வேலை செய்வதாக நினைத்து அவள் டி.வி. சத்தத்தைக் குறைத்து வைப்பாள். பதினோரு மணிக்குக் கதவைச் சத்தமில்லாமல் திறந்து டீயை வைத்துவிட்டுப் போவாள். அந்த டீயைக் குடிக்கும்போது இருந்த வேதனை, எச்.ஆர். அறையில்கூட எனக்கு இல்லை.

பத்தாவது நாள் அவளே கேட்டாள்: "என்னங்க, ரொம்ப நாளா 'டி ஃபார் டேவிட்' சத்தமே கேக்கலையே?"

நோயாளியின் பெயரைப் போனில் எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது பி ஃபார் பாய், டி ஃபார் டேவிட் என்று சொல்வோம். நாலாவது படிக்கும் எங்கள் பெண்ணுக்கே அது மனப்பாடம். வேலை செய்வது போல் உட்கார எனக்குத் தெரிந்ததே தவிர, அந்தச் சத்தம் இல்லாததை வீடு கவனிக்கும் என்று தோன்றவில்லை. சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, ஏன் மறைத்தீர்கள் என்றும் கேட்கவில்லை. "எத்தனை மாசத்துக்குப் பணம் இருக்கு?" என்றுதான் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒன்பது ராத்திரி உட்கார்ந்து யோசித்தவனுக்கு அந்த ஒரு கணக்கு தெரிந்திருக்கவில்லை.

பெண்ணின் ரஃப் நோட்டில் இரண்டு பேருமாக எழுதினோம். கையில் இருந்த சேமிப்பு 1,10,000. வர வேண்டிய நோட்டீஸ் மாதச் சம்பளம் பிடித்தம் போக 43,000, லீவுக் கணக்கில் 21,000, கிராஜுவிட்டி (பணிக்கொடை) 93,461. மொத்தம் 2,67,461 ரூபாய். மாதச் செலவு 44,000. ஒரு தனியார் பள்ளியில் அவளுக்கு 12,000 சம்பளம். வாடகை, அப்பாவின் சர்க்கரை மாத்திரை, பர்சனல் லோன் தவணை ஆகியவற்றில் கை வைக்க முடியாது. மற்றதில் 6,000 குறைத்தோம். ஆக மாதத் துண்டு 26,000. வகுத்துப் பார்த்தால் பத்து மாதம் வந்தது.

பத்து மாதம் என்ற அந்த எண் வந்த ராத்திரிதான் நான் தூங்கினேன். உங்கள் கணக்கில் நாலு மாதம் வரலாம், ஒன்றரை மாதமே வரலாம். எதுவாக இருந்தாலும் அந்த எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். அதைத் தனியாகப் போட முடியாது, ஏனென்றால் எந்தச் செலவைக் குறைக்கலாம் என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் முதலில் வீட்டில் சொல்லுங்கள் என்கிறேன். பெரியவர்களுக்கு ஒரு வாரம் கழித்துச் சொன்னாலும் பரவாயில்லை. மனைவிக்கு இன்றே சொல்லுங்கள்.

சரி, நான் செய்த பெரிய தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் என் முன்னால் ஒரு தாளை வைத்தார்கள். நானாக ராஜினாமா செய்வதாக எழுதியிருந்தது. "இப்படிப் போனால் உங்க ரெக்கார்டுக்கு நல்லது" என்றார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்த அக்கா, வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன், ஒரு நாள் டைம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். மறுநாள் ஒரு வக்கீலைப் பார்த்தார். நான் ராஜினாமா செய்யமாட்டேன், நீங்கள் எடுப்பதாக இருந்தால் எழுத்தில் கொடுங்கள் என்று மெயில் போட்டார்.

என்ன வித்தியாசம் என்றால், அப்போது இருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டப்படி, ஒரு வருடத்தில் 240 நாள் வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பில் எடுத்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும், பணிபுரிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் தர வேண்டும். தானாக ராஜினாமா செய்தவருக்கு இந்த இழப்பீடு கிடையாது. என் சம்பளம் 46,000. ஒன்பது வருடத்துக்கு ஏறக்குறைய 2,07,000 ரூபாய். எங்கள் ரஃப் நோட்டுக் கணக்கில் அது இன்னும் எட்டு மாதம். ஒரு கையெழுத்தில் போனது. அக்காவுக்கு அது கிடைத்தது.

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு (Industrial Relations Code) வந்துவிட்டது. அதிலும் இந்த 15 நாள் கணக்கு அப்படியே இருக்கிறது. கூடவே, ஆட்குறைப்பில் போகிறவரின் மறுபயிற்சிக்கென்று நிறுவனம் 15 நாள் சம்பளத்தைத் தனி நிதியில் கட்ட வேண்டும், அது 45 நாளுக்குள் அவர் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும் என்றும் இருக்கிறது. கடைசிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு (Code on Wages) சொல்கிறது. ஆட்குறைப்பு விதிகள் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருபவர்களுக்குத்தான், மேனேஜர் பதவியில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று அச்சடித்திருந்தால் மட்டும் ஒருவர் மேனேஜர் ஆகிவிடுவதில்லை, உண்மையில் செய்த வேலையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று எழுதவில்லை. இன்னும் போடவில்லை என்றால் போடாதீர்கள். மிரட்டி வாங்கியிருந்தால், இந்த வாரமே தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒரு வக்கீலைப் பாருங்கள்.

கிராஜுவிட்டி வேறு. ஐந்து வருடம் முடித்திருந்தால் ராஜினாமா செய்தாலும் உண்டு. அப்போது கடைசி அடிப்படைச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்கி, 26-ஆல் வகுப்பார்கள். 2025 நவம்பர் 21 முதல், பெருக்க எடுக்கும் சம்பளம் மொத்தச் சம்பளத்தில் பாதிக்குக் குறையக்கூடாது. எனக்கு அடிப்படை 18,000. போட்டுப் பாருங்கள், மேலே சொன்ன 93,461 வரும். 30 நாளுக்குள் தர வேண்டும்.

பி.எஃப். பணத்தை எடுத்துவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை, அந்த ஒன்றில் சரியாக நடந்துகொண்டேன். பி.எஃப். கணக்கோடு பென்ஷன் கணக்கும் ஓடுகிறது. அதில் பத்து வருடம் சேர்ந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷன். எனக்கு அப்போது ஒன்பது. பத்துக்குக் குறைவாக இருக்கும்போது பென்ஷன் தொகையையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த ஒன்பது வருடமும் போய்விடும், அடுத்த வேலையில் முதலிலிருந்து எண்ண வேண்டும். நான் புது நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டேன், பத்து தாண்டிவிட்டது. அரிசி வாங்கப் பணம் இல்லை என்ற நிலை வந்தால் பி.எஃப்.பில் ஒரு பகுதியை எடுங்கள், தப்பில்லை. பென்ஷனைத் தொடாதீர்கள்.

மருத்துவக் காப்பீட்டில் நான் ஏமாந்தேன். கம்பெனி எடுத்துக் கொடுத்திருந்த குழுக் காப்பீட்டில் அப்பாவும் இருந்தார். அது கடைசி வேலை நாளோடு முடிந்துவிட்டது. அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளக் கேட்கலாம். அப்படி மாறினால், குழுவில் இருந்த வருடங்களையும் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பீடு கிடைக்கக் காத்திருக்க வேண்டிய காலக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். எனக்கு அது தெரிந்தபோது நாள் கடந்துவிட்டது. அப்பாவுக்குப் புதிதாக எடுத்தோம், பன்னிரண்டு வருடச் சர்க்கரைக்குக் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கியது. உங்களுக்குப் பத்து நாள்தான் ஆகியிருக்கிறது, நாளைக் காலையில் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்கடன் எனக்கு இல்லை, ஆனால் என் மச்சானுக்கு நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தவணை பவுன்ஸ் ஆவதற்கு முன்னால் கிளைக்குப் போய் மேனேஜரிடம் சொல்லுங்கள். கடன் காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைப்பது, சில மாதம் வட்டி மட்டும் கட்டுவது என்று கேட்க வழி இருக்கிறது. 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அதற்கப்புறம் பேச்சே வேறு மாதிரி இருக்கும். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்து மட்டும் தவணை கட்டாதீர்கள். அதைவிட வங்கி நகைக்கடன் எவ்வளவோ மேல்.

அடுத்த வேலைக்கு வருகிறேன். முதல் மாதம் நான் கண்ணை மூடிக்கொண்டு இருநூறு இடத்துக்கு ரெஸ்யூமே அனுப்பினேன், எல்லாமே பழைய வேலைக்குத்தான். வந்த நாலைந்து அழைப்பும் பாதிச் சம்பளத்துக்கு. ஒரு நாள் அந்த அக்காதான் போனில் கேட்டார், "உன் சீட்டுக்கு எல்லாரும் எதுக்கு வருவாங்க?" என்று. யோசித்தேன். க்ளெய்ம் (இன்சூரன்ஸிடம் பணம் கேட்டு மருத்துவமனை அனுப்பும் பில்) எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதை மென்பொருளே செய்யத் தொடங்கிவிட்டது. என்னிடம் ஆட்கள் வந்தது, ஒரு க்ளெய்ம் ஏன் நிராகரிக்கப்பட்டது என்று கேட்கத்தான். உதாரணத்துக்கு, டாக்டர் ஒரே நாளில் நோயாளியைப் பரிசோதித்து, தனியாக ஒரு சிறு சிகிச்சையும் செய்திருப்பார். பில்லில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு (குறியீட்டு எண்) போட வேண்டும்; பரிசோதனைக் கோடோடு, அது தனி வேலை என்று காட்டும் மாடிஃபையர் 25 என்ற துணை எண்ணைப் போடாமல் விட்டிருப்பார்கள். பணம் நின்றுவிடும். போனில் ஒன்பது வருடம் இந்தத் தவறுகளையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அப்படியானால் அந்தக் கோடைச் சரியாகப் போடும் பக்கம் ஏன் போகக்கூடாது?

நான் பி.எஸ்சி. விலங்கியல். மெடிக்கல் கோடிங்குக்கு அது போதும். ஏ.ஏ.பி.சி. என்ற அமெரிக்க அமைப்பு மெடிக்கல் கோடர்களுக்கு நடத்தும் சி.பி.சி. சான்றிதழ் தேர்வுக்குப் படித்தேன். நாலு மணி நேரம், 100 கேள்வி, 70 சதவீதம் வேண்டும், கோடு புத்தகங்களைப் பார்த்து எழுதலாம். மனைவியின் வளையலை வைத்துத்தான் கட்டணம் கட்டினோம். செப்டம்பரில் தேறினேன். அக்டோபரில் 29,000 சம்பளத்தில் சேர்ந்தேன். பழைய சம்பளத்தைத் தொட இரண்டு வருடம் ஆனது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் பகல் ஷிஃப்ட். ஒன்பது வருடத்துக்குப் பிறகு பெண்ணோடு ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன்.

உங்கள் துறை வேறாக இருக்கும். கடைசி ஒரு வருடத்தில் உங்களைத் தேடி வந்து மற்றவர்கள் என்னென்ன கேட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பதவிப் பெயரை விட அந்தத் தாளில்தான் அடுத்த வேலைக்கு வழி இருக்கும். இன்டர்வியூவில் ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், பிராசஸ் மூடிவிட்டார்கள் என்று ஒரே வாக்கியத்தில் உண்மையைச் சொல்லுங்கள். யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை உத்தரவாதம் என்று லட்சக்கணக்கில் கேட்கும் கோர்ஸ்கள் பக்கம் போக வேண்டாம். தாய்லாந்தில், கம்போடியாவில் டேட்டா என்ட்ரி வேலை என்று வரும் வாட்ஸ்அப் செய்திகளை நம்பிப் போனவர்களைக் கம்போடியா, மியான்மர் போன்ற இடங்களில் ஆன்லைன் மோசடிக் கும்பல்களிடம் அடைத்து வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு வேலை என்றால் ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

ராத்திரி தூக்கம் வராமல், இருந்து என்ன பயன் என்று மனம் போகத் தொடங்கினால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். நான் ஏழாவது ராத்திரி பேசினேன். பெயர்கூடச் சொல்லவில்லை, அரை மணி நேரம் கேட்டார்கள்.

இன்னொன்று, மறந்துவிடப் போகிறேன். பி.எஃப். தளத்தில் உங்கள் கணக்கில் வேலையை விட்ட தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அது ஏறாவிட்டால் பணத்தை எடுப்பதும் மாற்றுவதும் சிக்கும். பழைய நிறுவனம் போடாவிட்டால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே போட்டுக்கொள்ளலாம். ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16 (வருமானவரி பிடித்ததற்கான சான்று) எல்லாவற்றையும் ஆபீஸ் மெயில் மூடுவதற்குள் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மூடியிருந்தால் எச்.ஆருக்குச் சொந்த மெயிலிலிருந்து எழுதிக் கேளுங்கள், போனில் கேட்க வேண்டாம்.