பல்பும் ட்யூப்லைட்டும் – கடிதம்

ஐயா வணக்கம்,

நான் கடலூர் முதுநகர்க்காரன். ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். வீட்டில் எரிவதும் பல்பு, தெர்மாமீட்டரின் அடியில் பாதரசம் நிற்கும் இடமும் பல்பு, தாவரவியல் புத்தகத்தில் வெங்காயமும் பல்பு. மூக்கு உடைபட்டால் 'பல்பு வாங்கினான்' என்கிறோம். ஒரே சொல் எப்படி இத்தனை வேலை பார்க்கிறது? நாம் ஏன் 'மின்குமிழ்' என்றே எழுதக் கூடாது? இதைப் பற்றி வீட்டில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு என் எட்டு வயது மகன் 'என்னப்பா?' என்று கேட்கிறான். அவன் ஒரு ட்யூப்லைட் ஐயா. ரெண்டு தரம் கூப்பிட்டால்தான் திரும்பியே பார்ப்பான்!

ர., கடலூர்

அன்புள்ள ர.,

கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். இதில் மூத்தது வெங்காயம். கிரேக்கர்கள் வெங்காயம் மாதிரி மண்ணுக்குள் உருண்டு திரள்வதை 'போல்போஸ்' என்றார்கள். அது லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அப்புறம் அந்த வடிவத்தில் கண்ணாடி ஊதிய இடத்திலெல்லாம் அதே பெயரை ஒட்டிவிட்டார்கள். மின்குமிழ் என்று எழுதுவது உங்கள் இஷ்டம். கடையில் போய் அப்படிக் கேட்டுப் பாருங்கள், இரண்டு அர்த்தத்திலும் பல்பு வாங்கிக்கொண்டு வருவீர்கள். இந்த விஷயம் இவ்வளவுதான்.

என்னை உட்கார்ந்து எழுத வைத்தது உங்கள் கடிதத்தின் கடைசி வரிகள். போன வாரம் நெல்லிக்குப்பம் பஸ்ஸில் ஓர் அம்மா தன் பெண்ணை இதே வார்த்தை சொல்லித் தலையில் தட்டினார். அப்போதிருந்தே மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

ட்யூப்லைட் எப்படி எரிகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? சோக்கு என்கிற கம்பிச்சுருளும் ஸ்டார்ட்டரும் வைத்த பழைய நாலடி ட்யூபைச் சொல்கிறேன். என் சித்தப்பா வயர்மேன். ஒருமுறை ஸ்டார்ட்டரின் அலுமினிய மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு கண்ணாடி பல்பு. ஆமாம், பல்புதான்! அதற்குள் இரண்டு உலோகத் தகடுகள். சுவிட்சைப் போட்டதும் உள்ளே இருக்கும் வாயு மினுங்கும். அந்தச் சூட்டில் தகடு வளைந்து இன்னொன்றைத் தொடும். தொட்டதும் ட்யூபின் இரு முனை இழைகளிலும் கரண்ட் பாய்ந்து அவை சூடேறும். தொட்டுக்கொண்டிருக்கும்போது வாயு மினுங்காது, அதனால் தகடு ஆறி விலகும். விலகுகிற அந்த நொடியில் சோக்கு வோல்டேஜை எகிறவைத்து ஓர் உதை கொடுக்கும். ட்யூபுக்குள் இருக்கும் பாதரச ஆவி பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. இவ்வளவு வேலை நடப்பதைத்தான் நாம் கீழே நின்று 'மினுக் மினுக்' என்று கேலி செய்கிறோம். பற்றிக்கொண்ட பிறகோ, ஸ்டார்ட்டரைக் கழற்றினாலும் அணையாது. அதே 40 வாட் குண்டு பல்பைவிட ஐந்தாறு மடங்கு வெளிச்சம் தரும்.

சாயங்காலமானால் எங்கள் பக்கம் வோல்டேஜ் இறங்கிவிடும். நெய்வேலியில் 1962-லிருந்து கரண்ட் எடுக்கிறார்கள், அதே மாவட்டத்தில் எங்கள் வீட்டில் இந்தக் கூத்து. குண்டு பல்பு செம்மண் நிறத்திலாவது எரியும். ட்யூப் பிடிக்காமல் துடித்துக்கொண்டே கிடக்கும். அக்கம்பக்கத்தார் சித்தப்பாவைக் கூப்பிட்டு "ட்யூப் போயிடுச்சு, மாத்து" என்பார்கள். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "வோல்டேஜே வரல, அது என்ன பண்ணும்?" என்று டெஸ்டரைப் பையில் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

எங்கள் வகுப்பிலும் ஒரு ட்யூப்லைட் இருந்தான். வலது காதில் சீழ் வடியும். பஞ்சு அடைத்துக்கொண்டு வருவான். மத்தியானத்துக்குள் பஞ்சின் நுனி மஞ்சளாகிவிடும். வாத்தியார் மூன்றாவது தரம் பெயர் சொல்லும்போதுதான் 'உள்ளேன் ஐயா' வரும். "எரிஞ்சிடுச்சுடா!" என்பார் அவர், வகுப்பே சிரிக்கும். கணக்கைப் போர்டில் எழுதிப்போட்டால் முதலில் சிலேட்டை நீட்டுகிறவன் அவன்தான். சொல்வதைக் கேட்டு எழுதச் சொன்னால் முட்டை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எட்டாம் வகுப்போடு நின்று, முதுநகர் துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் உடைக்கப் போய்விட்டான்.

'பாசத்தில் சொல்வதுதானே ஐயா' என்பீர்கள். பாசம் இருக்கட்டும். ரெண்டு தரம் கூப்பிட்டால்தான் திரும்புவான் என்று நீங்களே ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருக்கிறீர்களே, அது ஜோக்காகவா படுகிறது உங்களுக்கு? பெற்ற தகப்பன் கையில் இருக்கும் முதல் தகவல் அது. இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சளி பிடித்து, நடுக்காதில் நீர் தேங்கி நின்றுவிடுவது உண்டு. பல சமயம் வலி இருக்காது, வெளியே ஒன்றும் வடியாது. சத்தம் மட்டும் தலையணைக்கு அடியிலிருந்து வருவதுபோல் மங்கலாகக் கேட்கும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசிச் சிரிக்கும் கூடத்தில் அவனுக்கு எந்த வார்த்தை பிடிபடும்? டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறானா? பேசுகிறவர் வாயையே பார்க்கிறானா? ராத்திரி வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறானா?

ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். எதையும் யோசித்துக் கேட்கிற பிள்ளையாக இருக்கலாம், நல்லதுதான். ஆனால் அதைக் காது பார்க்கிற டாக்டர் சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம். இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். ஆடியோகிராம் என்கிற கேட்கும் திறன் சோதனைக்கு ஊசி இல்லை, வலி இல்லை, ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தம் கேட்கும்போது கையைத் தூக்கினால் போதும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு மாதிரி. வகுப்பில் முன்பெஞ்சில் உட்கார வைக்கும்படி டீச்சரிடம் சொல்லுங்கள். வீட்டிலும் சமையலறையிலிருந்து கத்தாமல், எதிரில் போய் உட்கார்ந்து, அன்றைக்கு எல்லோரும் எதற்குச் சிரித்தீர்கள் என்று அவனுக்கு மட்டும் ஒரு தரம் சொல்லுங்கள். பாவம், இன்னும் யாரும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

ரிப்போர்ட் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.