ப்ரொவிஷனல் போதுமா? வெளிநாட்டில் டீச்சர் வேலைக்குப் போக நினைக்கும் மண்டபம் தங்கச்சிக்கு

கேள்வி இது: "மண்டபத்தில் இருக்கிறேன். பி.எஸ்சி. வேதியியல் முடித்தேன். இப்போது பி.எட். கடைசித் தேர்வு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறேன். வளைகுடா நாடுகளிலோ மாலத்தீவிலோ ஆசிரியர் வேலைக்குப் போக ஆசை. ப்ரொவிஷனல் சர்டிபிகேட் போதுமா? டிகிரி சர்டிபிகேட்டில் என்னென்ன முத்திரை வாங்க வேண்டும்?"

நான் கீழக்கரை. ஷார்ஜாவில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் வேதியியல் டீச்சராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவள். நம் கடற்கரையில் யார் வீட்டுப் பிள்ளை படிப்பு முடித்தாலும் இந்தச் சந்தேகத்தோடு என்னிடம் வருகிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ப்ரொவிஷனலை வைத்து விண்ணப்பம் போடலாம், இன்டர்வியூவும் கொடுக்கலாம். ஆனால் வேலை உறுதியாகி, விசாவுக்கும் அந்த நாட்டுக் கல்வித்துறை அனுமதிக்கும் காகிதம் கேட்கும்போது பெரும்பாலும் பட்டமளிப்பு விழாவில் தருகிற அசல் டிகிரி சர்டிபிகேட்டைத்தான் கேட்பார்கள். பள்ளிகள் ஆள் எடுக்கிற வேகத்துக்கு நம் பல்கலைக்கழகத்தின் வேகம் ஈடு கொடுக்காது. ஆஃபர் கையில் வந்தபிறகு டிகிரி சர்டிபிகேட்டுக்கு விண்ணப்பித்தால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். தகுதி இருந்தும் இப்படி வாய்ப்பை விட்ட பெண்களை எனக்குத் தெரியும், பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும்.

உங்கள் விஷயத்தில் முதலில் கவனிக்க வேண்டியது, உங்களுக்குப் பட்டம் தருவது இரண்டு பல்கலைக்கழகங்கள். நம் மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரியில் படித்திருந்தால் பி.எஸ்சி. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தினுடையது. பி.எட். சென்னையில் உள்ள தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தினுடையது. உண்மைத்தன்மைச் சான்று, டிரான்ஸ்கிரிப்ட் (படித்த பாடங்களையும் மதிப்பெண்களையும் தொகுத்துப் பல்கலைக்கழகம் தருவது) எல்லாவற்றையும் இரண்டு இடத்திலும் தனித்தனியாகத்தான் வாங்க வேண்டும். ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றுக்குப் போகலாம் என்று இருக்காதீர்கள், இரண்டையும் சேர்த்தே நகர்த்துங்கள்.

பி.எஸ்சி. டிகிரி சர்டிபிகேட் உங்கள் கையில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். விழாவுக்குப் போகாத பிள்ளைகளின் சான்றிதழ்கள் கல்லூரி அலுவலக பீரோவில் வருஷக்கணக்கில் கிடப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். விழாவுக்குப் பணமே கட்டாமல் விட்டிருந்தால், நேரில் வராதவர்களுக்கான முறையில் விண்ணப்பித்து வாங்கலாம். அதோடு எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டும், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டும், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களும், டி.சி.யின் நகலும் ஒரே ஃபைலில் இருக்கட்டும். அரியர் எழுதித் தேறிய பேப்பர் இருந்தால் அந்த மார்க் ஷீட்டையும் மறைக்காமல் வையுங்கள். டிரான்ஸ்கிரிப்ட் போடும்போது அதையும் கேட்பார்கள்.

இந்த ஃபைலில் இருக்கிற எதையும் தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள். உப்புக்காற்றுக்குக் காகிதம் நமுத்துப்போகும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும் என்று நம் பக்கத்து அப்பா அம்மா ரிசல்ட் வந்த கையோடு பஸ் ஸ்டாண்டு கடையில் கொடுத்து லேமினேட் செய்து விடுகிறார்கள். பிள்ளையின் படிப்பைப் பத்திரப்படுத்துகிற அக்கறைதான் அது. ஆனால் அரசு முத்திரையும், வெளிநாட்டில் சான்றிதழ் செல்லுபடியாக மத்திய அரசு ஒட்டுகிற அப்போஸ்டில் ஸ்டிக்கரும் காகிதத்தின் மேலேயே விழ வேண்டும், பெரும்பாலும் பின்பக்கத்தில். பிளாஸ்டிக்கின் மேல் மை நிற்காது, கவுன்டரிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். என் சொந்தக்காரப் பெண் ஒருத்தி அயர்ன் பாக்ஸ் சூட்டில் பிளாஸ்டிக்கை இளக்கி உரித்துப் பார்த்தாள். மேல் படலத்தோடு துணைவேந்தர் கையெழுத்தும் பாதி கிளம்பி வந்துவிட்டது. டூப்ளிகேட்டுக்கு எழுதிப்போட்டு வாங்கும்வரை அவள் வேலை தள்ளிப்போயிற்று. ஏற்கெனவே லேமினேட் செய்த சான்றிதழ் என்றால் வீட்டில் கை வைக்காதீர்கள். பல்கலைக்கழகத்தில் டூப்ளிகேட் கேட்பதே நல்லது. பத்திரமாக வைக்க, பக்கம் பக்கமாகப் பிளாஸ்டிக் உறை உள்ள ஃபைலும், அதை வைக்க இறுக மூடும் டப்பாவும் போதும்.

அடுத்தது பெயர். நான் பார்த்தவரை ஆட்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். நமக்கு இனிஷியல்தான் பழக்கம். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். உதாரணத்துக்கு, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'மேரி அ' என்று பின்னால் இனிஷியல், டிகிரியில் 'அ. மேரி' என்று முன்னால் இனிஷியல், பாஸ்போர்ட்டில் 'மேரி அந்தோணி'. நமக்கு மூன்றும் ஒரே ஆள். அந்த ஊர் அலுவலக கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். இது போதாதென்று அந்தோணி என்பது அப்பாவின் ஆதாரில் ஆங்கில ஹெச் எழுத்தோடும், பாஸ்போர்ட்டில் ஹெச் இல்லாமலும் இருக்கும். எங்கள் பக்கம் முகம்மது என்ற ஒரே பெயரை எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லி மாளாது.

பல்கலைக்கழகம் பெயரை எடுப்பது பள்ளிச் சான்றிதழிலிருந்து. அதனால் பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றதையெல்லாம் அதற்குப் பொருத்துங்கள். டிகிரியில் எழுத்துப்பிழை என்றால் பல்கலைக்கழகத்தில் திருத்தம் கேளுங்கள். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் உங்களுக்கு நல்ல நேரம். உங்கள் பெயரை ஒரு கட்டத்திலும், அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்திலும் எழுதுங்கள். இரண்டில் ஒன்றைக் காலியாக விடாதீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசாவில் வருகிறவர்களை ஏற்பதில்லை என்று அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தினார்கள். எதற்கு அந்த இழுபறி? இனிஷியலும் விரிவும் மட்டும்தான் வித்தியாசம் என்றால், இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் எடுக்கிற உறுதிமொழிப் பத்திரம் பல இடங்களில் போதுமானது. பள்ளி நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் பேச்சு வந்ததால் இன்னொன்று. நம் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. சின்ன வயதில் எடுத்த பாஸ்போர்ட்டாக இருந்தால் அதில் ஈசிஆர் முத்திரை, அதாவது வேலைக்கு வெளிநாடு போகும்முன் அரசு அனுமதி வேண்டும் என்கிற குறிப்பு, இருக்கிறதா என்று பாருங்கள். பத்தாவது தேறியவருக்கு அது தேவையில்லை. அதை வைத்துக்கொண்டு வளைகுடா நாட்டுக்கு வேலைக்குக் கிளம்பினால் குடியேற்ற அனுமதி தனியாகக் கேட்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் காட்டிப் புதுப்பித்துவிடுங்கள்.

சரி, முத்திரைக்கு வருவோம். முதலில் உண்மைத்தன்மைச் சான்று. இந்தப் பட்டம் நாங்கள் கொடுத்ததுதான் என்று பல்கலைக்கழகம் எழுதித் தருவது. அதில் ரெகுலராகப் படித்தாரா, தொலைதூரக் கல்வியா என்பதும் இருக்கும்படி கேளுங்கள். வளைகுடா நாடுகளில் பட்டத்தைத் தங்கள் பட்டத்துக்கு இணையாக ஏற்கும்போது இதைத்தான் குடைவார்கள். நீங்கள் கல்லூரிக்குப் போய்ப் படித்தவர், அது உங்களுக்குப் பலம். காரைக்குடிக்கு நம் ஊரிலிருந்து தேவகோட்டை வழியாகப் பஸ் இருக்கிறது. காலையில் கிளம்பினால் அலுவலக நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். ஒருமுறை நேரில் போய் விண்ணப்பம் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வருவது நல்லது.

அடுத்தது மாநில அரசின் சான்றொப்பம். ஹெச்ஆர்டி அட்டெஸ்டேஷன் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். சென்னைத் தலைமைச் செயலகத்தில் உயர்கல்வித் துறையின் வேலை. இ-சனத் என்ற அரசு இணையதளம் வழியாகவும் சான்றிதழ் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கிற வசதி இருக்கிறது. உங்கள் இரண்டு பல்கலைக்கழகங்களும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அப்புறம் சேது எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் போடுங்கள்.

மூன்றாவது மத்திய வெளியுறவு அமைச்சகம். இங்கேதான் நாட்டுக்கு நாடு பாதை பிரிகிறது. 1961-ல் உருவான ஹேக் ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்த நாடுகளுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஸ்டிக்கர் ஒன்றே போதும், தூதரகத்துக்குப் போக வேண்டாம். இந்தியாவில் அது 2005 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வளைகுடாவில் ஓமன் 2012-லிருந்தும், பஹ்ரைன் 2013 கடைசியிலிருந்தும், சவுதி 2022 டிசம்பரிலிருந்தும் அந்த வரிசையில் இருக்கின்றன. ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் என்றால் பாதை நீளம். வெளியுறவு அமைச்சகத்தின் சாதாரணச் சான்றொப்பம், அதன் மேல் அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரை, அங்கே போய்ச் சேர்ந்தபிறகு அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. என் டிகிரியின் பின்பக்கம் இப்போது இடமே இல்லை. முன்பக்கம் மட்டும் சுத்தமாக இருக்கிறது. இதைப் பார்த்துப் பதறாதீர்கள், அசலில்தான் குத்துவார்கள்.

அதனால் என் யோசனை இது: உண்மைத்தன்மைச் சான்றும் மாநில அரசுச் சான்றொப்பமும் எந்த நாட்டுக்கும் பொது. அவற்றை வேலை கிடைக்கும் முன்பே முடித்து வையுங்கள். வெளியுறவு அமைச்சகத்துக்கு மட்டும் நாடு எது என்று உறுதியானபிறகு போங்கள். ஓமனுக்கு என்று அப்போஸ்டில் வாங்கிவிட்டு, கடைசியில் துபாயில் வேலை கிடைத்தால் அந்தக் கட்டத்தை மறுபடி செய்ய வேண்டிவரும்.

செலவு பற்றியும் தெளிவாக இருங்கள். அப்போஸ்டிலுக்கு அமைச்சகம் வாங்குவது ஒரு சான்றிதழுக்கு 50 ரூபாய். நாம் நேரில் கொடுக்க முடியாது, அமைச்சகம் நியமித்த சேவை நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அவர்கள் கட்டணம் தனி, அதுவும் பெரிய தொகை இல்லை. 2019-லிருந்து இந்த வேலை சென்னையிலும் நடக்கிறது. ஏஜெண்ட் ஆயிரக்கணக்கில் கேட்டால் அது அவருடைய அலைச்சலுக்கும் லாபத்துக்கும். வீட்டில் அலைய ஆள் இல்லை என்றால் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அசலைக் கொடுக்கும்போது ரசீது இல்லாமல் கொடுக்கவே கூடாது. எங்கள் தெருவில் ஒரு தம்பிக்கு ஏஜெண்ட் ஒருவர் வாங்கித் தந்தது போலி முத்திரை. பள்ளி அதைச் சரிபார்த்தபோதுதான் தெரிந்தது. பட்டம் உண்மை, படித்தது உண்மை, முத்திரை மட்டும் பொய். அந்தப் பையன் யாரிடம் போய் விளக்குவான்? அப்போஸ்டில் ஸ்டிக்கரில் எண் இருக்கும், அமைச்சக இணையதளத்தில் சரிபார்க்கலாம். கையில் வாங்கிய அன்றே பாருங்கள்.

தூதரக முத்திரையோடு டீச்சருக்கு வேலை முடிந்துவிடாது. துபாய் என்றால் கேஹெச்டிஏ, அபுதாபி என்றால் அடெக் என்று தனியார் பள்ளிகளைக் கவனிக்கும் அமைப்புகள் இருக்கின்றன. ஆசிரியர் நியமனத்துக்கு அவற்றின் ஒப்புதல் வேண்டும். பட்டம் எந்தப் பாடத்தில் என்று பார்ப்பார்கள். வேதியியல் படித்துவிட்டுக் கணக்கு டீச்சராகப் போக முயன்றால் அங்கே இடிக்கும். மாலத்தீவில் நம் நாட்டு ஆசிரியர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அங்கே வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பிட்டுச் சொல்வது மாலத்தீவுத் தகுதி ஆணையம். நம் பள்ளிகளைப் போலவே பட்டத்தோடு பி.எட்.டும் சேர்ந்து இருப்பது இங்கெல்லாம் மதிப்பு. பள்ளிப் பயிற்சிக்குப் போன பள்ளியிலிருந்து, எந்த வகுப்புக்கு என்ன பாடம் எடுத்தீர்கள் என்று தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு கடிதம் இப்போதே வாங்கிவிடுங்கள். அனுபவம் இல்லாதவருக்கு அது ஒன்றுதான் கையில் காட்ட இருக்கும். அவர் மாறுதலில் போய்விட்டால் பின்னால் வாங்குவது சிரமம்.

வேறு நாடுகளையும் சிலர் சொல்வார்கள். அமெரிக்காவின் ஜே-1 ஆசிரியர் விசாவுக்கு இரண்டு வருட அனுபவம் வேண்டும், உங்களுக்கு இப்போது பொருந்தாது. கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கிற வேலைக்கான விசா பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன் போன்ற ஏழு ஆங்கில நாட்டுக் குடிமக்களுக்கு. ஆன்லைன் சான்றிதழ் ஒன்று வாங்கினால் அனுப்பிவிடுவோம் என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். இங்கிலாந்து 2023-லிருந்து இந்திய ஆசிரியர்களையும் தகுதிச் சான்றுக்கு விண்ணப்பிக்க விடுகிறது, ஆனால் கணிதம், அறிவியல், மொழிப் பாட ஆசிரியர்களுக்கு மட்டும். அனுபவமும் கேட்பார்கள். வேதியியல் டீச்சர் என்பதால் சில வருடம் கழித்து நீங்கள் அதை யோசிக்கலாம்.

போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட்டை இப்போது எடுக்காதீர்கள். பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பிப்பது சுலபம். ஆனால் அது சீக்கிரம் பழையதாகிவிடும். ஆஃபர் வந்தபிறகு எடுங்கள்.

ஏஜென்சி வழியாக வேலைக்குப் போவதாக இருந்தால், அது மத்திய அரசிடம் பதிவு செய்ததா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்சி சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் எடுக்கிறது, அதன் அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டே இருங்கள். விசிட் விசாவில் வாருங்கள், வந்தபிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்கிற பள்ளியிடம், ஒப்பந்தத்தையும் வேலை விசா எப்போது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

இப்போதைக்கு உங்கள் வேலை இரண்டு. பி.எஸ்சி. டிகிரி எங்கே இருக்கிறது என்று கல்லூரி அலுவலகத்துக்குப் போன் போடுங்கள். பாஸ்போர்ட்டையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பி.எட். ரிசல்ட் வந்ததும் அந்த டிகிரிக்கும் பணத்தைக் கட்டிவிடுங்கள்.