லெமன் பாம் வளர்ப்பு: வாசகர் கேள்விகள்

கடையில் வாங்கிய லெமன் பாம் விதையை அரை அங்குல ஆழத்தில் விதைத்தேன். மூன்று வாரம் ஆகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை பழசாக இருக்குமோ?
– வாசகி, கோயம்புத்தூர்

பழசாகவும் இருக்கலாம். ஆனால், அரை அங்குலம் என்று நீங்கள் எழுதியதிலேயே காரணம் இருக்கிறது. லெமன் பாம், புதினா குடும்பத்தைச் சேர்ந்த, எலுமிச்சை மணமுள்ள செடி. அதன் விதை மிகப் பொடி. ஒரு கிராமில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். அது முளைக்க வெளிச்சம் வேண்டும். வெண்டை, அவரை மாதிரி மண்ணுக்குள் புதைத்தால் அப்படியே கிடந்து மக்கிப்போகும்.

சலித்த கோகோபீட் (தேங்காய் மட்டைத் தூள்) இரண்டு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு கலந்து நாற்றுத் தட்டில் நிரப்புங்கள். முதலில் தண்ணீர் ஊற்றி, நன்றாக வடியவிட்டு, அதன்பிறகு விதையைத் தூவுங்கள். விரல் நுனியால் லேசாக அழுத்தினால் போதும், மேலே மண் போட வேண்டாம். பூவாளியால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். அதனால் கைத்தெளிப்பானைப் பயன்படுத்துங்கள், அல்லது தட்டைத் தண்ணீர் உள்ள தாம்பாளத்தில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். 18 முதல் 22 டிகிரி வெப்பம் இருந்தால் 10–14 நாளில் முளைக்கும். சில விதைகள் மூன்று வாரம்கூட எடுக்கும். முளைத்த பிறகு ஈரம் மிகுந்து காற்றோட்டமும் இல்லாவிட்டால் தண்டு அடியில் மெலிந்து நாற்று சாய்ந்துவிடும். இதுதான் நாற்றழுகல். மூடி வைத்திருந்தால் முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்துவிடுங்கள்.

உங்கள் ஊரில் அக்டோபர் கடைசியில் இருந்து டிசம்பருக்குள் விதைப்பது நல்லது. மே மாதத்தில் விதை வாங்குவது காசை வீணாக்குவதுதான். தெரிந்தவர் வீட்டில் ஒரு செடி இருந்தால் விதையே வேண்டாம். பூக்காத கிளை நுனியை நான்கு அங்குலம் வெட்டி, கீழ்ப்பாதி இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு கணுவாவது உள்ளே போகுமாறு ஈர கோகோபீட்டில் செருகி நிழலில் வையுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும்.

ஆன்லைனில் லெமன் பாம் என்று வாங்கிய செடி, புதினாவைப் போலவே இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், திருச்சி

இரண்டும் ஒரே குடும்பம். சதுரத் தண்டு, எதிரெதிர் இலை என்று இரண்டிலும் பொது அம்சங்கள் உண்டு. இலையைக் கசக்கிப் பாருங்கள். புதினாவின் குளிர்ச்சி இல்லாமல் எலுமிச்சைத் தோல் வாசனை மட்டும் வந்தால் லெமன் பாம். இலை முட்டை வடிவத்தில், அடிப்பக்கம் கொஞ்சம் இதயம் போல் அகன்றிருக்கும். ஓரத்துப் பற்கள் மழுங்கலாக இருக்கும். நரம்புகள் ஆழமாகப் பதிந்திருப்பதால் மேல்பரப்பு சுருக்கம் விழுந்த துணிபோல் தெரியும்.

உறுதியான அடையாளம் வேண்டுமென்றால் மண்ணைக் கிளறிப் பாருங்கள். புதினா தரைக்கு அடியில் ஓடுதண்டு விட்டுத் தொட்டி முழுக்கப் பரவும். லெமன் பாம் ஒரே இடத்தில் தூராகக் கட்டும். பூவிலும் வேறுபாடு உண்டு: நாம் சமையலுக்கு வாங்கும் புதினாவில் கிளை நுனியில் கதிர்போல் பூக்கும், லெமன் பாமில் இலைக் கக்கத்தில் கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூ வரும்.

எலுமிச்சைத் துளசியையும் லெமன் வெர்பினாவையும் சில நர்சரிகளில் இந்தப் பெயர் சொல்லி விற்கிறார்கள். துளசியின் இலை வழவழப்பாக இருக்கும், சுருக்கம் இருக்காது. வெர்பினா இலை நீண்டு ஒல்லியாக, கணுவுக்கு மூன்று நான்காக வரும்.

சென்னையில் மொட்டை மாடியில் வளர்க்கிறேன். ஜனவரியில் புதர்போல் இருந்தது. ஏப்ரலில் இலை ஓரம் கருகி, கீழிலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றுகிறேன். உரம் போட வேண்டுமா?
– வாசகி, மடிப்பாக்கம்

உரம் போடாதீர்கள். சோர்ந்த செடிக்கு உரம் கூடுதல் சுமை.

தெற்கு ஐரோப்பா முதல் ஈரான் வரையிலான பகுதிதான் இந்தச் செடியின் சொந்த ஊர். கடுங்குளிரில் மேல்பகுதி காய்ந்தாலும் வேரிலிருந்து திரும்பத் துளிர்க்கும். அது தாங்காதது நம் ஏப்ரல், மே வெயிலைத்தான். மாடியில் காற்றின் சூடு ஒருபக்கம், கான்கிரீட் தளத்திலிருந்து எழும் அனல் இன்னொரு பக்கம். கறுப்புத் தொட்டியாக இருந்தால் வேர்ப்பகுதியும் வெந்துவிடும். இலை ஓரம் கருகுவது இதனால்.

கீழிலை மஞ்சளாவதற்கு உங்கள் இரண்டு வேளைத் தண்ணீர் காரணமாக இருக்கலாம். வெயிலில் வாடிய செடியைப் பார்த்தால் தண்ணீர் ஊற்றத்தான் கை போகும். ஆனால், உச்சி வெயிலில் மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கும். மாலையில் தானே நிமிரும். அப்போதும் ஊற்றிக்கொண்டே இருந்தால் வேர் அழுகும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது, செடி இன்னும் வாடும், நீங்கள் இன்னும் ஊற்றுவீர்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். அந்த ஆழத்தில் காய்ந்திருந்தால் மட்டும், அதுவும் காலையில், அடித் துளையில் வடியும் அளவுக்கு ஊற்றுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: தொட்டியைக் கிழக்குப் பார்த்த இடத்துக்கு மாற்றுங்கள். காலை ஒன்பது, பத்து மணி வரை வெயில் போதும். மாடியிலேயே இருக்க வேண்டும் என்றால் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே, தரையில் படாமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். செடியைப் பாதி உயரத்துக்கு வெட்டுங்கள், மொத்தமாக மொட்டையடிக்க வேண்டாம். மண்மேல் காய்ந்த இலையோ தேங்காய் மட்டைத் தூளோ ஓர் அங்குலம் பரப்புங்கள். இலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். பொடிப்பொடியாக வெளிறிய புள்ளியும் நூலாம்படை போன்ற வலையும் இருந்தால் சிலந்திப்பேன் வந்திருக்கிறது. அடிப்பக்கம் படுமாறு வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். தேவைப்பட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். தெளித்த இலையை ஒரு வாரத்துக்குப் பறிக்காதீர்கள். கழுவினாலும் கசப்பு நிற்கும்.

இவ்வளவு செய்தும் ஜூனில் செடி போய்விடலாம். சென்னையில் இதை ஒரு பருவச் செடியாக நினைத்துக்கொள்வது நல்லது. பிப்ரவரி கடைசியில் நான்கைந்து குச்சிகளை வேர்பிடிக்க வைத்து, வீட்டுக்குள் வெளிச்சம் வரும் ஜன்னலோரம் காப்பாற்றி வந்தால் மழைக்காலத்தில் மறுபடி தொட்டிக்கு மாற்றலாம். அப்போது 12 அங்குலத் தொட்டியில் செம்மண் இரண்டு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போதும். தேநீருக்கு எலுமிச்சை மணம் கிடைத்தால் போதும் என்பவர்களுக்கு எங்கள் யோசனை வேறு: எலுமிச்சைப்புல் வையுங்கள். சென்னை வெயிலை அது சட்டை செய்யாது.

கொடைக்கானலில் தரையில் நட்டேன். இரண்டே ஆண்டில் பாத்தியெங்கும் குட்டிச் செடிகள். மழைக்காலத்தில் இலைமேல் வெள்ளைப் பொடி படிகிறது.
– வாசகர், கொடைக்கானல்

உங்கள் ஊர்தான் இதற்கு ஏற்ற ஊர், அதுதான் பிரச்சினையும். குட்டிகள் வேரிலிருந்து வந்தவை அல்ல, உதிர்ந்த விதையிலிருந்து வந்தவை. மொட்டு கட்டும்போதே தரையிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு மொத்தமாக வெட்டினால் விதையும் விழாது, புதுத் துளிரும் வரும். தேனீப் பெட்டி வைத்திருந்தால் ஒரு தூரை மட்டும் பூக்க விடுங்கள். தேனீக்களுக்கு மிகவும் பிடித்த பூ இது.

வெள்ளைப் பொடி, சாம்பல் நோய். நெருக்கமும் காற்றோட்டக் குறைவுமே காரணம். நோய் பட்ட தண்டுகளை அடியோடு வெட்டி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். தூர்களுக்கு இடையே ஒன்றரை அடி இடைவெளி வேண்டும். இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தூரைத் தோண்டி, வேரோடு நாலாகப் பிரித்து, நடுவில் முற்றிக் கட்டையான பகுதியை எறிந்துவிட்டு ஓரத்துத் துண்டுகளை நடுங்கள். பச்சையாகத் தின்னும் இலைக்கு ரசாயனப் பூஞ்சைக்கொல்லி அடிப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

இலையை மொட்டை மாடியில் காயவைத்தேன். கறுத்துப்போய் வைக்கோல் வாசம்தான் வருகிறது. எங்கே தவறு?
– வாசகி, ஓசூர்

இந்த இலையில் வாசனை எண்ணெய் மிகக் குறைவு. எலுமிச்சைப்புல்லில் இருப்பதில் ஒரு சிறு பங்குதான். அதுவும் இலையின் மேல்தோலில், நுண்ணிய சுரப்பிகளில் இருக்கிறது. இலை கசங்கினால் சுரப்பி உடைந்து மணம் போகும். அடிபட்ட இடம் கறுக்கும். வெயிலில் போட்டால் மிச்சமும் ஆவியாகும்.

மொட்டு வருவதற்குச் சற்று முன்பு, பனி உலர்ந்த பிறகு காலையில் வெட்டுங்கள். கத்தரிக்கோலால் தண்டோடு வெட்டுங்கள், இலையை உருவாதீர்கள். கிளையின் மேல் மூன்றில் ஒரு பகுதியில் மணம் அதிகம். கூடையில் அமுக்கி வைத்தால் உள்ளே சூடேறிக் கறுத்துவிடும் என்பதால் வெட்டிய அரைமணி நேரத்துக்குள் பரப்பிவிடுங்கள். தூசி இருந்தால் முதல்நாள் மாலையே செடியில் தண்ணீர் தெளித்துக் கழுவிவிடலாம். வெட்டியபின் கழுவினால் காய நேரமாகும்.

நிழலான, காற்றோட்டமான அறையில், வலைத் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி மின்விசிறியைப் போட்டுவிடுங்கள். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டக் கூடாது. இரண்டு நாளுக்குள் காய்ந்துவிட வேண்டும். இழுத்தால் நிறம் மாறும். நொறுங்கும் பதம் வந்ததும் முழு இலையாகவே கண்ணாடி ஜாடியில் போட்டு இருட்டில் வையுங்கள். தூளாக்கினால் மணம் சீக்கிரம் போகும். ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஐந்து பங்கு பச்சை இலை காய்ந்தால் ஏறக்குறைய ஒரு பங்குதான் நிற்கும்.

ஈரப்பதம் மிகுந்த மாதங்களில் உலர்த்தவே வேண்டாம். இலையைப் பொடியாக நறுக்கி, ஐஸ் தட்டில் தண்ணீரோடு உறையவையுங்கள். உலர்ந்த இலையைவிட இதில் மணம் நன்றாக நிற்கிறது.

தேநீர் தவிர வேறு எதற்குப் பயன்படுத்தலாம்? ரசத்தில் போட்டேன், ஒன்றும் தெரியவில்லை.
– வாசகி, மதுரை

கொதித்தால் மணம் போய்விடும். அடுப்பை அணைத்தபிறகு போட்டிருந்தாலும் மிளகு, சீரகம், பெருங்காயத்துக்கு முன்னால் இது எடுபடாது. சூடில்லாத, மசாலா இல்லாத பண்டங்களில் போடுங்கள்: மோர், தர்பூசணி, வெள்ளரிக்காய் சாலட், பழக்கலவை. பெயரில் லெமன் இருந்தாலும் புளிப்பு கிடையாது. எலுமிச்சைச் சாற்றுக்கு மாற்றாகாது. சேர்த்துப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும்.

சர்பத்துக்கு: ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர் கொதித்துக் கரைந்ததும் அடுப்பை அணைத்து, ஒரு கப் இலையைக் கையால் கிழித்துப் போட்டு மூடிவிடுங்கள். அரைமணி கழித்து வடிகட்டி, ஆறியதும் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேருங்கள். ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் இருக்கும்.

தேநீரிலும் கொதிக்கவிடுவதுதான் பொதுவான தவறு. காய்ந்த இலை 2 கிராம், அதாவது நொறுக்கினால் இரண்டு டீஸ்பூன். பச்சை என்றால் பத்துப் பன்னிரண்டு இலை. கொதித்த தண்ணீர் 150–200 மி.லி. ஊற்றி, தட்டால் மூடி 7–10 நிமிடம் வையுங்கள். தட்டின் அடியில் படியும் துளிகளை டம்ளருக்குள்ளேயே தட்டிவிடுங்கள். மணம் அதில்தான் ஏறியிருக்கும்.

தூக்கம் வர லெமன் பாம் தேநீர் நல்லது என்கிறார்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். குடிக்கலாமா?
– வாசகி, சேலம்

மருத்துவரைக் கேட்காமல் தினமும் குடிக்க வேண்டாம். லேசான மன இறுக்கம், தூக்கக் குறைவு, வயிற்று உப்புசம் ஆகியவற்றுக்குப் பாரம்பரியப் பயன்பாடு என்ற அளவில் ஐரோப்பிய மருந்துகள் முகமை இதை ஏற்றிருக்கிறது. ஆனால், தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் செல்லில் தனக்கான ஏற்பியில் (ஹார்மோன் வந்து ஒட்டும் இடம்) ஒட்டுவதை இதன் சாறு தடுப்பதாகச் சோதனைக்கூட ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. எப்போதாவது மோரில் நாலு இலை போடுவது வேறு, தினம் மூன்று வேளை குடிப்பது வேறு. தூக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு மயக்கம் கூடலாம். கர்ப்பிணிகளும் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் மருந்தளவில் எடுக்க வேண்டாம்.

வாசலில் ஒரு தொட்டி வைத்தால் கொசு வராதாமே?
– வாசகர், தஞ்சாவூர்

வரும். செடி சும்மா நின்றால் எண்ணெய் வெளியே வராது. இலையைக் கசக்கிக் கையில் தேய்த்தால் கொஞ்ச நேரம் பலன் இருக்கலாம், அவ்வளவுதான். தொட்டித் தட்டில் தேங்கும் தண்ணீரில் கொசுதான் முட்டையிடும்.

இணையத்தில் லெமன் பாம் எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், பெங்களூரு

ஒரு கிலோ எண்ணெய் எடுக்க டன் கணக்கில் பச்சை இலை வேண்டும். உண்மையான எண்ணெய் மலிவாகக் கிடைக்க வழியே இல்லை. எலுமிச்சைப்புல் எண்ணெயிலும் சிட்ரோனெல்லா எண்ணெயிலும் லெமன் பாமுக்கு மணம் தரும் இதே சிட்ரால், சிட்ரோனெல்லால்தான் இருப்பதால் கலப்படம் சுலபம், மூக்கால் கண்டுபிடிப்பது கடினம்.

இங்கே பால்கனியில் தொட்டியில் வளர்க்கிறேன். பனிக்காலத்தில் உள்ளே எடுக்க வேண்டுமா?
– வாசகி, டொராண்டோ

தரையில் இருந்தால் தொடவே வேண்டாம். மேலே கருகி ஏப்ரல், மேயில் துளிர்க்கும். தொட்டியில் நாலாபுறமும் குளிர் தாக்குவதால் வேர் உறைந்து சாகும். அக்டோபரில் இரண்டு அங்குலம் விட்டு வெட்டி, சூடுபடுத்தாத கராஜில் வையுங்கள். மாதம் ஒருமுறை மண் தூளாகக் காயாத அளவுக்கு மட்டும் தண்ணீர். கராஜ் இல்லையென்றால் தொட்டியைச் சுவரோரம் தள்ளி, குமிழ் உறையும் சாக்கும் சுற்றி, மேலே காய்ந்த இலையைக் குவியுங்கள். ஹீட்டர் ஓடும் அறைக்குள் கொண்டுவந்தால் ஒல்லியாக நீண்டு அசுவினியும் வெள்ளை ஈயும் பிடித்துக்கொள்ளும்.