பன்னிரண்டு மாதக் கணக்கை ஏ4 தாளில் அடக்க: கேள்வி பதில்

திருப்பாதிரிப்புலியூரில் அக்கவுண்ட்ஸ் வேலை பார்க்கிறேன். ஆடிட் நெருங்கினால் எல்லோருக்கும் ஒரே புலம்பல்தான்: கணக்கு சரியாக இருக்கிறது, தாளில்தான் அடங்கவில்லை. கடலூர், புதுச்சேரி நண்பர்கள் கேட்டவற்றுக்குப் பதில் இதோ.

புதுச்சேரி நேரு வீதி, துணிக்கடை: மேடம், ஏப்ரல் முதல் மார்ச் வரை மாதவாரி லாப நட்டக் கணக்கு எக்செலில் இருக்கிறது. பிரிண்ட் கொடுத்தால் பாதி மாதங்கள் அடுத்த தாளுக்கு ஓடுகின்றன. 'ஃபிட் ஷீட் ஆன் ஒன் பேஜ்' போட்டால் எழுத்து பொடிப்பொடியாகிவிடுகிறது.

அந்த ஆப்ஷன் அகலத்தோடு நீளத்தையும் சேர்த்து ஒரே தாளில் திணிக்கும். உங்களுக்கு வேண்டியது அகலம் மட்டும். பேஜ் லேஅவுட்டில் ஏ4, லேண்ட்ஸ்கேப் வைத்து, 'விட்த்' 1 பேஜ், 'ஹைட்' ஆட்டோமேட்டிக் என்று கொடுங்கள். நீளம் மூன்று தாள் போனால் போகட்டும்.

அதற்கு முன் ஒரு சோதனை. இரண்டையும் ஆட்டோமேட்டிக்கில் விட்டு, ஸ்கேலை 70 சதவீதம் ஆக்கிப் பாருங்கள். 10 பாயின்ட் எழுத்து அப்போது 7 பாயின்ட் ஆகும். அதற்குக் கீழே நான் இறங்குவதில்லை. படிக்க முடியாத தாளை நீட்டினால் முதலாளி மறுபடி நம்மைத்தான் கூப்பிடுவார். 70-லும் அடங்காவிட்டால் குறை தாளில் இல்லை, அட்டவணையில். 1,23,45,678.00 என்று எழுத கமா, புள்ளி சேர்த்து 14 இடம் வேண்டும். 12 மாதமும் மொத்தமும் சேர்ந்தால் 13 பத்தி, ஆக 182 இடம். அதையே லட்சத்தில் 123.46 என்று போட்டால் 6 இடம்தான். 13 பத்திக்கும் 78. தாளோடு மல்லுக்கட்டுவதை விட்டு எண்ணைச் சுருக்குங்கள்.

பண்ருட்டி, முந்திரி வியாபாரம்: லட்சத்தில் போட்டால் ஆடிட்டர் ஒத்துக்கொள்வாரா?

கம்பெனிகளுக்குச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி, மொத்த வருமானம் 100 கோடிக்குக் கீழ் என்றால் நூறு, ஆயிரம், லட்சம், மில்லியனில் காட்டலாம். 100 கோடியும் அதற்கு மேலும் என்றால் லட்சம், மில்லியன், கோடி. 2021 ஏப்ரல் முதல் இந்த ரவுண்டிங் கட்டாயம். சொந்தப் பெயரில் கடை நடத்தும் உங்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது, தடையும் கிடையாது. தலைப்பில் '₹ லட்சத்தில்' என்று மட்டும் மறக்காமல் போடுங்கள். லெட்ஜரிலும், பேங்க் ரிகன்சிலியேஷனிலும் (நம் கணக்கை பேங்க் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது) பைசாவில் கை வைக்காதீர்கள்.

மூல ஷீட்டை அப்படியே விட்டு, இன்னொரு ஷீட்டில் ஒவ்வொரு எண்ணையும் 1,00,000-ஆல் வகுக்கும் ஃபார்முலா போடுவது நல்லது. கூட்டிப் பார்த்தால் சில இடங்களில் 0.01 இடிக்கும். அது ரவுண்டிங் வித்தியாசம். மொத்தத்தைக் கையால் திருத்தினால்தான் வம்பு. டாலி கணக்கு சாஃப்ட்வேரில் என்றால் எஃப்12-ல் 'ஸ்கேல் ஃபேக்டர்' இருக்கிறது, அதிலேயே லட்சத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

கடலூர் சிப்காட்: அக்கா, இரண்டாவது தாளில் மாதப் பெயரே வரவில்லை.

'பிரிண்ட் டைட்டில்ஸ்' போய், மேலே திரும்ப வரவேண்டிய வரியைக் காட்டுங்கள், தம்பி. அகலத்தை இரண்டு தாளாகப் பிரித்தே ஆகவேண்டும் என்றால், இடப்பக்கம் திரும்ப வரவேண்டிய பத்தியாகக் கணக்குப் பெயரையும் கொடுத்துவிடுங்கள்.

வில்லியனூர்: பத்தியைக் குறுக்கினேன், எண்ணுக்குப் பதில் ##### வருகிறது.

எண் எங்கும் போகவில்லை, பத்தியில் இடம் போதவில்லை. கொஞ்சம் அகலப்படுத்துங்கள். கம்பெனி முழுப்பெயர், விலாசம் எல்லாம் ஒரே பத்தியில் இருந்தால் 'ரேப் டெக்ஸ்ட்' போட்டு மடியுங்கள்.

மஞ்சக்குப்பம்: ஏ3-ல் அடித்து ஜெராக்ஸ் கடையில் ஏ4 ஆகக் குறைத்தால்?

ஏ3-ஐ ஏ4 ஆக்குவது 71 சதவீதம். மேலே சொன்ன 70-க்குப் பக்கம்தான். ஏ3-ல் 10 பாயின்டாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். அங்கேயே 8 பாயின்ட் என்றால் வேண்டாம். போர்டு மீட்டிங்குக்கு என்றால் ஏ3-ஆகவே மடித்து வைத்துவிடுவேன்.

புதுச்சேரி, அமெரிக்க கிளையண்டுக்குக் கணக்கு எழுதுபவர்: இங்கே சரியாக வருகிறது, அங்கே கடைசிப் பத்தி வெட்டுப்படுகிறதாம்.

அவர்கள் தாள் லெட்டர் சைஸ். லேண்ட்ஸ்கேப்பில் ஏ4-ன் அகலம் 297 மி.மீ., லெட்டரின் அகலம் 279 மி.மீ. அந்த 18 மி.மீட்டரில்தான் 'டோட்டல்' பத்தி விழுகிறது. பேப்பர் சைஸை லெட்டர் ஆக்கி, பிடிஎஃப் எடுத்து அனுப்புங்கள்.

நெல்லிக்குப்பம்: ஃபைலில் கோத்தால் தலைப்பு மறைந்துவிடுகிறது.

லேண்ட்ஸ்கேப் தாளைக் கோக்கும்போது அதன் மேல் விளிம்புதான் டேக் பக்கம் போகும். நேரோ மார்ஜின் வையுங்கள், ஆனால் மேலே மட்டும் ஓர் அங்குலம் விடுங்கள். பஞ்ச் ஓட்டை அதற்குள் அடங்கிவிடும்.