கலைத்திட்ட நிர்வாகம் படித்தால் தமிழ்நாட்டில் எந்தப் பணிக்குச் செல்ல முடியும்?

எம்.எஸ்சி., பி.எட். முடித்துத் தனியார் பள்ளி ஒன்றில் பணியாற்றும் தாங்கள், கலைத்திட்ட நிர்வாகத்தை, அதாவது பள்ளியில் எதை, ஏன், எந்த வரிசையில் கற்பிப்பது என்பதைத் திட்டமிட்டு நடத்தும் துறையை, முறையாகப் படிக்க விரும்புவதாகவும், அதை எங்கே படிப்பது, படித்தபின் என்ன வேலை கிடைக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் முதுகலை ஆசிரியராக இருந்து, எம்.எட். முடித்து, இப்போது மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் ஒன்றில், அதாவது நாம் டயட் என்று சொல்லும் நிறுவனத்தில், விரிவுரையாளராக இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து இதற்குப் பதில் சொல்கிறேன்.

‘கலைத்திட்ட நிர்வாகி’ என்ற பதவிப் பெயரோடு தமிழ்நாட்டு அரசுத் துறை ஆள் எடுக்கும் அறிவிக்கை எதையும் நான் இதுவரை கண்டதில்லை. ஆனால் அந்த வேலை எங்கும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. விரிவுரையாளர், ஒருங்கிணைப்பாளர், மேலாய்வாளர், கல்வி அலுவலர் என்று வெவ்வேறு பெயர்களில் அதைச் செய்கிறார்கள். ஆகவே இந்தப் படிப்பு தனியாக ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிடாது. வகுப்பறை அனுபவம் உள்ளவருக்கு அது அடுத்த படிக்கான தகுதியாகிறது. அனுபவம் இல்லாதவருக்குப் பெரும்பாலும் சான்றிதழாகவே நின்றுவிடுகிறது.

அந்த வேலை என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இதைப் பாடநூல் எழுதுவது என்று மட்டுமே நினைக்கிறார்கள். அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949-இல் முன்வைத்த நான்கு கேள்விகளை எம்.எட். வகுப்பில் எல்லோரும் படிக்கிறோம்: பள்ளி எந்த நோக்கங்களை அடைய முயல வேண்டும், அவற்றை அடைய எத்தகைய கற்றல் அனுபவங்களைத் தர வேண்டும், அந்த அனுபவங்களை எந்த ஒழுங்கில் அமைக்க வேண்டும், நோக்கங்கள் நிறைவேறினவா என்று எப்படி அறிவது. தாளில் எளிமையாகத் தெரியும் இவற்றில், மூன்றாவது கேள்விதான் நிர்வாகத்தின் கழுத்தைப் பிடிக்கிறது. என் பாடத்திலிருந்தே ஒன்றைக் காட்டலாம். மாநிலப் பாடத்திட்டத்தின் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் முதல் தொகுதியில், இரண்டாம் அலகான இயக்கவியலுக்கு வெக்டரும் வகையீடும் தொகையீடும் தேவை. அதே ஆண்டின் கணிதப் பாடநூலிலோ வெக்டர் இயற்கணிதமும் நுண்கணிதமும் இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. அதனால் இயற்பியல் நூலே அவற்றுக்குச் சிறு அறிமுகம் தந்துவிட்டு நகர்கிறது. ஜூன், ஜூலை மாதங்களில் இயற்பியல் ஆசிரியர் பாதி நேரம் கணித ஆசிரியராக வேண்டியிருக்கிறது. இதில் இரண்டு நூலாசிரியர் குழுக்களையும் குறை சொல்வதற்கில்லை. கணிதத்துக்கு அதற்கே உரிய படிநிலை உண்டு. இந்த இரண்டு படிநிலைகளையும் அருகருகே வைத்துப் பார்த்து, எதை முன்னே நகர்த்தலாம், நகர்த்த முடியாததற்கு எத்தனை பாடவேளை ஒதுக்கலாம், அதற்கான பணியிடைப் பயிற்சியை எந்த மாதத்தில் நடத்தலாம், காலாண்டுத் தேர்வின் வினாத்தாளில் அதை எவ்வளவு கேட்கலாம் என்று முடிவு செய்வதுதான் கலைத்திட்ட நிர்வாகம். அதற்கு உட்கார்ந்து யோசிப்பவரும் வேண்டும், நான்கு அலுவலகங்களோடு பேசிக் காரியத்தை முடிப்பவரும் வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் ஒரே ஆள்தான் இரண்டுமாக இருக்கிறார்.

கடந்த பதினைந்து ஆண்டுகளின் தமிழ்நாடு இத்துறை மாணவருக்கு நல்ல ஆய்வுக்களம். 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்த சமச்சீர்க் கல்வி, 2011-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்ற பிறகே எல்லா வகுப்புகளிலும் நடைமுறைக்கு வந்தது. 2012-13-இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது பாடநூல் மட்டும் மாறவில்லை. பருவத்தின் இடையே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என மதிப்பெண் முறையும் ஆசிரியரின் பதிவேடுகளும் அச்சக அட்டவணையும் சேர்ந்தே மாறின. பிறகு 2017-இல் அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் புதிய பாடத்திட்டத்துக்கான குழு அமைக்கப்பட்டு, 2018-19-இல் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கு முதலில் புதிய நூல்கள் வந்தன. ஒவ்வொரு நிலையின் நுழைவாயிலிலும் தொடங்கினால், அந்த மாணவர் அடுத்த ஆண்டு அடுத்த புதிய நூலுக்குச் செல்வார் என்பது இதிலுள்ள கணக்கு. ஆனால் அந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு வந்தவர் எட்டாம் வகுப்பைப் பழைய நூலில் படித்தவர். பதினொன்றாம் வகுப்புக்கு வந்தவர் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைப் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர். இந்த இடைவெளியை நிரப்புவது ஆணையில் இருக்காது, ஆசிரியரின் முதல் மாத வேலையில்தான் இருக்கும். கொரோனாக் காலத்தில் பாடத்திட்டத்தைக் குறைக்க நேர்ந்தபோதும் இதே சிக்கல்தான்: ஓர் அலகை நீக்குவது ஒரு நொடி வேலை, அந்த அலகை நம்பி அடுத்த வகுப்பில் நிற்கும் அலகுகளைத் தேடிப் பார்ப்பதுதான் நிபுணரின் வேலை.

இனி படிப்பு. தங்களைப் போன்றவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது எம்.எட். பட்டம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பிறகு இது இரண்டு ஆண்டுப் படிப்பாயிற்று, பி.எட். பட்டத்தில் பொதுவாக 50 விழுக்காடு மதிப்பெண் கேட்கிறார்கள். அந்த விதிமுறைகளின்படி கலைத்திட்டம், கற்பித்தல், மதிப்பீடு ஒரு சிறப்புப் பகுதியாகவும், கல்வி மேலாண்மையும் நிர்வாகமும் இன்னொரு சிறப்புப் பகுதியாகவும் அமையலாம். எல்லாக் கல்லூரிகளும் எல்லாவற்றையும் நடத்துவதில்லை என்பதால், சேரும் முன் அங்கே அந்தத் தாளை யார் நடத்துகிறார் என்று நேரில் கேட்டுவிடுங்கள். தென்மாநிலங்களுக்கென மைசூருவில் இயங்கும் மண்டலக் கல்வி நிறுவனம் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தைச் சேர்ந்தது. பாடநூல் உருவாக்கத்தைக் கிட்டே நின்று பார்க்க அதுபோன்ற இடங்களே ஏற்றவை. பெங்களூருவின் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் கல்வியியல் முதுகலை படிக்க பி.எட். கட்டாயமில்லை, கொள்கை, சமூகவியல் பக்கம் நாட்டமுள்ளவருக்கு அது பொருந்தும்.

வேலையை விட முடியாத நிலையில் இருப்பவருக்கு, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் எம்.ஏ. கல்வியியலும் கல்வி மேலாண்மை மற்றும் நிர்வாகத்துக்கான முதுநிலைப் பட்டயமும் உள்ளன. ஒரு எச்சரிக்கை: அரசு அறிவிக்கை எம்.எட். என்று வெளிப்படையாகக் கேட்கும் இடத்தில் எம்.ஏ. கல்வியியல் எடுபடாமல் போகலாம். தாங்கள் குறிவைக்கும் பணிக்குக் கடைசியாக வந்த அறிவிக்கையின் கல்வித் தகுதிப் பகுதியைப் படித்த பிறகே கட்டணம் கட்டுங்கள்.

அரசுப் பக்கம் இப்பணியின் மையம் சென்னைக் கல்லூரிச் சாலையில் உள்ள மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம். மாவட்டங்களில் டயட் நிறுவனங்கள். 1986 தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து டயட்டுகள் உருவானபோது வகுக்கப்பட்ட ஏழு பிரிவுகளில் ஒன்று கலைத்திட்டம், கற்றல் பொருள் உருவாக்கம், மதிப்பீடு ஆகியவற்றுக்கானது. இன்னொன்று திட்டமிடலுக்கும் மேலாண்மைக்கும் உரியது. விரிவுரையாளர் நிலைப் பணியிடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக நேரடி நியமனம் உண்டு, முதுகலையோடு எம்.எட். பட்டமும் தேவை. ஆனால் அறிவிக்கைகளுக்கு இடையே பல ஆண்டுகள் கடந்துவிடுகின்றன, அதை மட்டும் நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. வட்டாரக் கல்வி அலுவலர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியமும், மாவட்டக் கல்வி அலுவலர் பணிக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 1சி தேர்வும் உள்ளன. பதவியின் பெயரில் நிர்வாகம் இருந்தாலும், அங்கே நாளின் பெரும்பகுதி ஊதியப் பட்டியல், ஆய்வு, நீதிமன்ற வழக்கு, நலத்திட்டப் பொருள் விநியோகம் என்றே கழிகிறது. கலைத்திட்டத்தின் மீது ஆசை கொண்டவர் இதை அறிந்தே செல்ல வேண்டும்.

பதவி எதுவும் இல்லாமலே இப்பணிக்குள் நுழையும் வழியும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. மாநிலப் பாடநூல் எதையாவது எடுத்துக் கடைசிப் பக்கத்தில் உள்ள உருவாக்கக் குழுப் பட்டியலைப் பாருங்கள். பாடநூலாசிரியர்களில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்களாக இருப்பார்கள். தொடக்க வகுப்பு மாணவரின் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமாக 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சி நூல்களுக்கும் ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். மாவட்டப் பயிற்சிகளில் கருத்தாளராக, அதாவது மற்ற ஆசிரியருக்குப் பயிற்சி தருபவராக, இருப்பவரை இப்படிப்பட்ட பணிமனைகளுக்கு அழைப்பது வழக்கம். தனியார் பள்ளி ஆசிரியருக்கு இந்த வாய்ப்பு குறைவு என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

தனியார் துறையில் வேலை விரைவாகக் கிடைக்கும், பெயர்களும் கவர்ச்சியாக இருக்கும். பல கிளைகள் கொண்ட சி.பி.எஸ்.இ. பள்ளிக் குழுமங்கள் அகாடமிக் கோஆர்டினேட்டர்களை அமர்த்துகின்றன. பாட அட்டவணை, வினாத்தாள் தரம், புதிய ஆசிரியர் பயிற்சி ஆகியவை அவர் பொறுப்பு. இன்டர்நேஷனல் பாக்கலாரியட் என்னும் பன்னாட்டுக் கல்வித் திட்டத்தை, அதாவது ஐ.பி. திட்டத்தை, நடத்தும் பள்ளிகளில் ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிப்பது கட்டாயம். பதிப்பகங்களும் இணையவழிக் கல்வி நிறுவனங்களும் பாட உள்ளடக்கம் எழுத ஆள் தேடுகின்றன. ஆனால் அங்கே பக்கக் கணக்கில் எழுதித் தருவதைக் கலைத்திட்டப் பணி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எதை, ஏன், எந்த வரிசையில் என்று தீர்மானிக்கும் இடத்தில் தங்களுக்குக் குரல் இருக்கிறதா என்பதைப் பணியில் சேரும் முன்பே கேட்டறியுங்கள்.

தன்னாட்சிக் கல்லூரிகளையும் இதில் சேர்க்க வேண்டும். தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுக்கும் உரிமை அவற்றுக்கு உண்டு என்பதால், பாடத்திட்டக் குழுக் கூட்டங்கள், மாணவர் அடைய வேண்டிய விளைவுகளை வரையறுக்கும் விளைவுசார் கல்வி ஆவணங்கள், கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டுக்கான அறிக்கைகள் என்று இத்துறை தெரிந்தவருக்கு ஓயாத வேலை இருக்கிறது. அதற்கென்று தனிப் பதவி அரிது. தேசியத் தகுதித் தேர்வில் தேறி உதவிப் பேராசிரியராக உள்ளே சென்றவரிடமே இப்பொறுப்புகள் வந்து சேரும். தங்களிடம் முதுகலைப் பட்டம் இருப்பதால் இதற்கும் இப்போதிலிருந்தே படிக்கலாம்.

தங்கள் இடத்தில் நான் இருந்தால், உடனே வேலையை விடமாட்டேன். இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் வெவ்வேறு வகுப்புகளுக்குப் பாடம் எடுத்து, பள்ளியில் கால அட்டவணையையும் தேர்வுப் பொறுப்பையும் கேட்டு வாங்கிக்கொள்வேன். இரண்டும் யாரும் விரும்பாத வேலைகள், ஆகவே கேட்டால் கிடைக்கும். அதன் பிறகு எம்.எட். சேர்ந்து, ஆய்வேட்டுக்கு ‘ஆசிரியர் மனப்பான்மை’ போன்ற பழகிய தலைப்பை விட்டுவிட்டு, தங்கள் பாடத்தில் இரண்டு அடுத்தடுத்த வகுப்புகளின் நூல்களை அலகு அலகாக ஒப்பிட்டு, எங்கே தொடர்ச்சி அறுகிறது, வகுப்பறையில் அதை ஆசிரியர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதை ஆராய்வேன். பணி நேர்காணலிலும் பாடநூல் பணிமனையிலும் காட்டுவதற்கு அப்படி ஓர் ஆய்வேடு கையில் இருப்பது பயன் தரும்.